புளியறையின் வரியும் திருவனந்தபுரத்து ஓவியங்களும்

ஆரியங்காவுக் கணவாயின் கிழக்கு அடிவாரத்தில், செங்கோட்டையை அடுத்து இருக்கிறது புளியறை. சில மைல் தொலைவிலுள்ள குற்றாலமும் தென்காசியும் ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில் இருந்தபோது, புளியறை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அதன் வயல்களுக்கான நிலவரி மலை தாண்டித் திருவனந்தபுரத்துக் கஜானாவுக்குப் போனது. அரண்மனை கலைக்குச் செலவிட்ட பணத்தில் இத்தகைய ஊர்களின் உழைப்பும் கலந்திருந்தது.

செல்வர்கள் கலையைப் பேணியதற்கு இவ்வட்டாரத்தில் இன்னும் பழைய சான்று உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியைப் பாடியதற்காக, மதுரை நாயக்க மன்னர் விசயரங்க சொக்கநாதர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் வந்தது. நூலுக்குப் பெயர் தந்தவள் ஊர் ஊராகக் குறி சொல்லிப் பிழைக்கும் குறத்தி. நிலம் சேர்ந்தது புலவருக்கு.

மலைக்கு அப்பால் இதே நிலை ஓவியத்தில் தெரிந்தது. கிளிமானூரில் 1848இல் பிறந்த ரவிவர்மா, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் வளர்ந்தார். அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த ராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்றுத்தர முன்வரவில்லை. பெரிய இடத்து ஆதரவு ஒருவருக்கோ இருவருக்கோதான் வாய்க்கும் என்ற நிலையில், தொழில் நுட்பத்தை மறைத்து வைப்பது பிழைப்பின் பாதுகாப்பாக இருந்தது.

1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ரவிவர்மா பத்து ஓவியங்களை அனுப்பினார். அவற்றில் ஒன்று நாடோடிக் குடும்பம் பற்றியது. தம்பூராவுடன் ஒரு பெண் தரையில் அமர்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றிக் குழந்தைகள். மற்ற படங்களில் நகையும் பட்டும் மின்ன, இதில் வறுமை ஒளிவுமறைவின்றித் தெரிகிறது. வறியவரை இவ்வளவு கவனத்தோடு தீட்டியது பெரிய செயல். ஆனால் அப்படத்தை வாங்கும் வசதி அரண்மனைகளுக்கே இருந்தது.

பரோடா மன்னருக்காக வரைந்த 14 புராண ஓவியங்கள் அங்கே போகுமுன் பம்பாயில் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. பார்க்கக் கூட்டம் திரண்டது. திருவிதாங்கூரின் முன்னாள் திவான் டி. மாதவராவ் ஏற்கெனவே ரவிவர்மாவுக்கு ஒரு யோசனை சொல்லியிருந்தார்: எல்லோர் கைக்கும் எட்டும்படி படங்களை வண்ண அச்சில் கொண்டுவர வேண்டும். 1894இல் ரவிவர்மா பம்பாய்க்கு அருகே அச்சகம் தொடங்கினார். அச்சகத்தில் நட்டம் வந்து அது கைமாறிய பிறகும், அச்சுப் படங்களின் லட்சுமியும் சரஸ்வதியும் எளிய வீடுகளின் பூஜை மாடங்களில் இடம்பிடித்தனர். எந்த மன்னரின் கொடையையும்விட இதுவே கலையைப் பரவலாக்கியது.

மூல ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்கத் திருவனந்தபுரத்தில் 1935இல் ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. ஆனால் சிற்பமும் சுவரோவியமும் நிறைந்த கோயில்களே அன்றைய பெரிய கலைக்கூடங்கள். அவற்றின் வாசல் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அப்போதும் மூடியே இருந்தது. 1936 நவம்பர் 12ஆம் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் திருவிதாங்கூர் அரசின் கோயில்களைத் திறந்துவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம், சித்திரசபை இருக்கும் குற்றாலத்தை உள்ளடக்கிய சென்னை மாகாணத்தில், ஆலயப் பிரவேசத்துக்கு வழிசெய்யும் சட்டம் 1939இல்தான் வந்தது.

1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழி மாநிலச் சீரமைப்பில் செங்கோட்டைப் பகுதியோடு புளியறையும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. நிலவரி சென்னைக்குப் போகத் தொடங்கியது. ஓவியக்கூடம் கேரளத்துக்கு உரியதானது.