கடன்பட்டவரைச் சுற்றிய கோடு



வெனிசு நகரத்து வணிகரான மார்க்கோ போலோ, 13 ஆம் நூற்றாண்டின் இறுதியிலே தாம் பாண்டி நாட்டிற் கண்ட காட்சியொன்றைத் தமது பயண நூலிற் குறித்து வைத்துள்ளார். அந்நாட்டு மன்னன் பிறநாட்டு வணிகன் ஒருவனுக்குப் பொருள் கொடுக்க வேண்டியிருந்தது. வணிகன் கேட்குந்தோறும் மன்னன் தவணை சொல்லிவந்தான். ஒருநாள் மன்னன் குதிரைமீது வந்துகொண்டிருந்தபோது, அவ்வணிகன் அணுகி, மன்னனையும் குதிரையையும் சேர்த்து நிலத்திலே ஒரு வட்டம் கீறிவிட்டான். மன்னன் குதிரையை நிறுத்தினான். வணிகனுக்கு உரியது கிடைக்கும்வரை அக்கோட்டைத் தாண்டவில்லை.

அந்நாட்டின் வழக்கம் அதுவே. பலமுறை கேட்டும் கடனைத் தீராதவனைச் சுற்றிக் கடன் கொடுத்தவன் கோடு கீறலாம். கடனைத் தீர்த்தோ தக்க பிணை கொடுத்தோ அன்றி அவன் வெளியேறலாகாது. மீறி வெளியேறினால் மரண தண்டனை. தான் இட்ட சட்டத்தைத் தானே மீறலாகாது என்று மன்னன் எண்ணியமையே போலோவின் உள்ளத்தைக் கவர்ந்தது. இரு நூற்றாண்டுகளின் பின் கோழிக்கோட்டுக்கு வந்த வர்தெமா என்னும் இத்தாலியப் பயணியும் இத்தகைய வழக்கத்தை விவரிக்கிறார். அங்கே கடன் கொடுத்தவன் நினைத்தவுடன் கோடு கீற முடியாது. முதலில் அரசனைச் சார்ந்த பெரியவரிடம் தன் வழக்கை மெய்ப்பித்து, அவர் கையாற் பச்சை மரக்கிளையொன்றைப் பெறவேண்டும். அக்கிளையாலேயே கோடு கீறவேண்டும்.

இக்கோடு கொடியதுதான். ஆயினும் கீறியவன் யார் என்பதை ஊர் அறியும். கீறிய இடமும் வேளையும் அறியும். பச்சைக்கிளை எவர் கொடுத்தது என்பதும் தெரியும். இதனை நேயர்கள் மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறேன்.

நமது தீவிலே வேறொரு முறை இருந்தது. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் சிறைப்பட்டிருந்து 1679 இல் தப்பிச் சென்ற றொபேட் நொக்ஸ், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அதனைக் கூறுகிறார். கடன் கொடுத்தவன், நியங்கலா என்னும் நச்சுச் செடியின் இலைகளைக் கையிலேந்திக் கடன்பட்டவனின் வீட்டுக்குச் செல்வான். நாம் கார்த்திகைப்பூ என்று போற்றும் செடியே அது. கடனைத் தராவிடின் அவ்விலையைத் தின்று உயிர் விடுவேன் என்பான். அவன் இறந்தால் அந்த உயிருக்கு ஈடாகக் கடன்பட்டவன் தண்டப்பணம் செலுத்த வேண்டும். அதற்கு அஞ்சிப் பெற்ற பிள்ளையை விற்றுக் கடன் தீர்த்தவர்களும் உண்டு என்கிறார் நொக்ஸ். வாங்கியவன் சாக அஞ்சுவது உலக இயல்பு. இங்கே கொடுத்தவன் தன் சாவையே ஆயுதமாக்கினான். தமிழிற் கடன்காரன் என்ற சொல் கொடுத்தவனையும் குறிக்கும், வாங்கியவனையும் குறிக்கும் என்பது இவ்விடத்து நினைவுக்கு வருகிறது. எவன் எவனைப் பிடித்து வைத்திருக்கிறான் என்று சொல்ல முடியாத நிலையை நம் மொழி அறிந்தே வைத்திருக்கிறது போலும்.

இங்கிலாந்திலே சிறைச்சாலையே கோடாயிற்று. எழுத்தாளர் சார்ள்ஸ் டிக்கின்ஸ் 12 வயதுச் சிறுவனாய் இருந்தபோது, 1824 இல், அவருடைய தந்தையார் கடனுக்காக மார்சல்சீ சிறையில் அடைக்கப்பட்டார். உழைத்துக் கடனைத் தீர்க்கவேண்டியவரை உழைக்க முடியாத இடத்தில் அடைத்து வைப்பதன் பேதைமையை உணர்ந்து, 1869 ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது. நம் நாட்டிலும் 1918 இற் கடன் வழங்கல் பற்றிய கட்டளைச் சட்டமும், 1941 இற் கடன் இணக்கக் கட்டளைச் சட்டமும் தோன்றின. பின்னதன்படி அமைந்த சபை இரு திறத்தாரையும் ஒரு மேசையின்முன் இருத்திப் பேசவைக்க முயன்றது.

இனி, கோடு கீறாமலே வீட்டுக்குள் நுழையும் ஒரு கருவியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சில காலத்துக்கு முன் ஒருநாள் காலை, பாடசாலையில் இறைவணக்கம் முடிந்து நான் கந்தோருக்குள் வந்த வேளையில் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் தம் பெயரைக் கூறவில்லை. எங்கள் ஆசிரியர் ஒருவரின் பெயரைக் கூறி, அவர் இங்கேதானே படிப்பிக்கிறார் என்று கேட்டார். ஆமென்றேன். உடனே, அவர் எங்கள் கம்பனிக்கு இவ்வளவு பணம் கட்டவேண்டும், அதிபராகிய நீங்கள் கூப்பிட்டுச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் பாடசாலைக்கே வருவோம் என்றார். முதல்நாள் எங்கள் எழுதுவினைஞரிடமும் இதையே சொல்லியிருந்தார் என்பது பின்னரே தெரியவந்தது. அவ்வாசிரியர் தம் மைத்துனருக்குப் பிணை நின்றவர். தாம் வாங்கிய கடனன்று. சில வாரங்களாக அவர் ஆசிரியர் ஓய்வறைக்கு வராததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

அமெரிக்க நாட்டிலே இத்தகைய அழைப்புக்கென்றே 1977 இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. முறைகேடான கடன் அறவீட்டினால் மணவாழ்வு குலைகிறது, வேலை பறிபோகிறது, தனிவாழ்வின் மறைவு அழிகிறது என்று அச்சட்டமே தன் முகப்பிற் கூறுகிறது. பிறருக்காகக் கடன் அறவிடுவோர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 9 மணிக்குப் பின்னும் அழைக்கலாகாது. கடன்பட்டவரின் இருப்பிடத்தை அறிவதற்காக அயலாரிடம் பேசலாம். ஆனால் அவர் கடன்பட்டவர் என்ற செய்தியை அந்த அயலாரிடம் வெளியிடலாகாது. முதலில் தொடர்புகொண்ட 5 நாட்களுக்குள் தொகையையும் கடன் கொடுத்தவரின் பெயரையும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். கடன்பட்டவர் 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்தால், சான்று காட்டும்வரை அறவீட்டை நிறுத்தவேண்டும். இனி அழையாதீர் என்று எழுதி அனுப்பினால் அழைப்பு நிற்கவேண்டும். 2021 இல் வந்த விதியின்படி, ஒரு கடனுக்காக 7 நாட்களில் 7 முறைக்கு மேல் அழைப்பது தொல்லையென்றே கொள்ளப்படும். வர்தெமா கண்ட பச்சைக்கிளைக்கு ஒப்பானது அந்த எழுத்து. கேட்பவன் தன்னைக் காட்டிக்கொள்ளவேண்டும். தன் கணக்கையும் காட்டவேண்டும். ஆனால் தான் கொடுத்த கடனைத் தானே, தன் பெயராலேயே அறவிடும் நிறுவனத்தை அச்சட்டம் பொதுவாகக் கட்டுப்படுத்துவதில்லை. இது பெரியதொரு ஓட்டை என்பது என் கருத்து.

அச்சட்டம் நம்மை ஆள்வதன்று. நமது மத்திய வங்கியில் நிதி நுகர்வோரின் முறைப்பாடுகளைக் கேட்பதற்கெனத் திணைக்களமொன்று 2020 இல் அமைந்தது. 2023 இல் நிதி நுகர்வோர் பாதுகாப்புக்கான ஒழுங்குவிதிகளும் வந்தன. ஆயினும் தொலைபேசி ஒலிக்கும் அக்கணத்தில் விதிநூலைத் தேடி எடுப்பார் எவர்? பெரும்பாலோர் அஞ்சி, அப்போதே ஒரு தேதியைச் சொல்லிவிடுகிறார்கள். அல்லது தொலைபேசியை அணைத்து வைக்கிறார்கள். முன்னது தம்மால் இயலாத வாக்குறுதி. பின்னது ஒலியை நிறுத்துமேயன்றிக் கணக்கை நிறுத்தாது.

அன்று நான் ஒரு தாளை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். உங்கள் பெயரும் பதவியும் யாவை, கம்பனியின் விலாசம் யாது, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, இவற்றை எழுத்தில் அவ்வாசிரியருக்கு அனுப்புவீர்களா என்று கேட்டேன். இணைப்புத் துண்டிக்கப்பட்டது.

மாலையில் ஆசிரியரை அழைத்து அத்தாளை அவர் கையிற் கொடுத்தேன். அறிவுரை எதுவும் கூறவில்லை. கூறத்தக்க நிலையில் அவரும் இல்லை. அதே கேள்விகளைக் கடிதமாக எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்புவோமா என்று மட்டும் கேட்டேன். இருவரும் இருந்து எழுதினோம்.

மூன்றாம் வாரம் கணக்கு வந்தது. தொலைபேசியிற் சொல்லப்பட்ட தொகையிலும் அது குறைவாக இருந்தது. ஆசிரியர் அதை எடுத்துக்கொண்டு மைத்துனரையும் அழைத்துக் கம்பனியின் கிளைக்குச் செல்ல அரைநாள் விடுப்புக் கேட்டார். படிவத்திற் காரணம் என்ற இடத்திலே, சொந்த அலுவல் என்று எழுதியிருந்தார். நான் ஒப்பமிட்டுக் கொடுத்தேன்.