எலும்பு சிமெண்டின் சூடு: ஒரு கணக்கின் வரலாறு

முழங்காலை ஒட்டி வரும் பெருஞ்செல் கட்டி பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்காரர்களைப் பிடிக்கிறது. குடும்பமே அவர்களின் உழைப்பை நம்பியிருக்கும் வயது அது. எலும்பில் தோன்றும் முதன்மைக் கட்டிகளில் மேற்கு நாடுகளில் 5 விழுக்காட்டை ஒட்டி இருக்கும் இது, இந்தியா, சீனா போன்ற நாடுகளில் 20 விழுக்காடு வரை காணப்படுவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. உடலெங்கும் பரவுவது அரிது. ஆனால் எலும்பை உள்ளிருந்தே அரிக்கும். சுரண்டி எடுத்தாலும் திரும்ப முளைக்கும். சுரண்டிய குழியில் எலும்பு சிமெண்டை நிரப்பினால், அது இறுகும்போது எழும் சூடு மிச்சமிருக்கும் செல்களையும் கொன்றுவிடும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. அந்த நம்பிக்கை எப்படிக் கணக்காக மாறியது, வெள்ளாற்றங்கரையில் உள்ள லப்பைக்குடிக்காடு போன்ற ஊரின் நோயாளிக்கு அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எலும்பு சிமெண்ட் பல் மருத்துவத்திலிருந்து எலும்பு மருத்துவத்துக்கு வந்தது. பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் என்னும் இந்த அக்ரிலிக்கை 1958இல் இடுப்பு மூட்டில் செயற்கை உறுப்பைப் பொருத்தப் பயன்படுத்தினார் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. ஒரு பொட்டலத்தில் 40 கிராம் தூள், 20 மில்லி திரவம். குழைத்தால் மாவாகி, பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கல்லாகும். திரவத்தின் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும்போது மோலுக்கு 55 கிலோஜூல் அளவில் வெப்பம் வெளியேறுகிறது. 20 மில்லியில் 0.19 மோல் இருப்பதால் ஒரு பொட்டலத்திலிருந்து வருவது சுமார் 10 கிலோஜூல். நூறு மில்லி தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற அது போதும். அதில் பெரும்பகுதி இறுகும் அந்தச் சில நிமிடங்களில் வெளிப்படுவதுதான் சிக்கல்.

அரியலூர்ப் பக்கம் கட்டட வேலை பார்க்கும் கொத்தனாருக்கு இது புதிதல்ல. கனமான கான்கிரீட் உள்ளே சூடேறும் என்பது அவருக்குத் தெரியும். 1930களில் ஹூவர் அணையைக் கட்டியவர்கள் கான்கிரீட்டுக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டதும் அதனால்தான். வேதியியல் வேறு, நாள்கணக்கும் நிமிடக்கணக்கும் வேறு. ஆனால் தனக்குள் சூட்டை உண்டாக்கிக்கொண்டே இறுகும் பொருளுக்கான வெப்பச் சமன்பாடு இரண்டுக்கும் ஒன்றே.

உடலுக்கான சமன்பாட்டில் இரத்த ஓட்டம் எடுத்துச் செல்லும் சூட்டையும் சேர்க்க வேண்டும். அதை 1948இல் ஹாரி பென்ஸ், மனித முன்கையில் வெப்பத்தை அளந்து எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டு ஹென்ரிக்சும் மோரிட்சும், தோல் வெந்துபோவது வெப்பநிலையை மட்டுமல்ல, அது நீடிக்கும் நேரத்தையும் பொறுத்தது என்று கணித வடிவில் காட்டியிருந்தனர். ஒரு பொருளைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் வரம்புறு கூறு முறையை வெப்பக் கணக்குக்கு ஜியன்கீவிச்சும் சியுங்கும் 1965இல் கொண்டுவந்தார்கள். இந்த மூன்று இழைகளும் 1980களில் எலும்பு சிமெண்டில் ஒன்றுசேர்ந்தன. நெதர்லாந்தின் ரிக் ஹியூஸ்கஸ் 1980இல் வெளியிட்ட ஆய்வும், ஸ்வென்சன் குழு 1981இல் வெளியிட்ட கட்டுரையும் இடுப்பு மூட்டைப் பற்றியவை. அங்கே சூடு எதிரி. நல்ல எலும்பைக் காப்பாற்றுவதே நோக்கம். 1983இல் எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் முயல் எலும்பில் 47 டிகிரி, ஒரு நிமிடம் என்று சேதத்தின் எல்லையைக் குறித்தார்கள். இன்றும் பெரும்பாலான கணினி மாதிரிகள் எடுத்துக்கொள்ளும் எண் அதுதான்.

கட்டி மருத்துவத்தில் கேள்வி தலைகீழானது. 1976இல் பெர்சனும் வவுட்டர்சும் பெருஞ்செல் கட்டியைச் சுரண்டிச் சிமெண்ட் நிரப்பும் முறையை விவரித்தபின், சூட்டை ஆயுதமாகப் பார்க்கும் எண்ணம் வலுத்தது. 1992இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் பாலிகா, ரோஸ், அகமது மூவரும் முக்கியமான ஒரு திருத்தம் செய்தனர். சிமெண்ட் வெளியிடும் சூடு அதன் அப்போதைய வெப்பநிலையையே சார்ந்தது என்பதைக் கணக்கில் சேர்த்தார்கள்: சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், வினை வேகமெடுக்கச் சூடு ஏறும். 1997இல் நெல்சன் குழு எலும்புக் கட்டி இருந்த இடத்தையே மாதிரியாக்கியது.

இந்தக் கணக்கின் உட்பொருளைக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். இடுப்பு மூட்டில் சிமெண்ட் உறை சில மில்லிமீட்டர்தான். தொடை எலும்பின் கீழ்முனைக் குழியிலோ மூன்று, நான்கு சென்டிமீட்டர் திரட்சி இருக்கும். அதன் நடுப்பகுதி கடுமையாகச் சூடேறும், ஏனென்றால் வெப்பம் வெளியேற வழியில்லை. ஆனால் கட்டிச் செல்கள் இருப்பது நடுவில் அல்ல, குழியின் சுவரில். எலும்பில் ஐந்து நிமிடத்தில் வெப்பம் ஊடுருவும் தூரம் ஐந்து மில்லிமீட்டரை ஒட்டியதே. சுவரில் இரத்தம் கசிந்தால் அந்தத் தூரமும் குறையும். ஆகவே சூடு மேலோட்டமாகத்தான் வேலை செய்கிறது, அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சீராக அல்ல. கட்டி திரும்புவதும் திரும்பாததும் முதலில் சுரண்டும் கையையும், குழிச் சுவரை அரைத்தெடுக்கும் அதிவேக பர் கருவியையும் பொறுத்தது என்பதே என் முடிவு. சூட்டை நம்பிச் சுரண்டலைக் குறைப்பது ஆபத்து.

மறுபக்கம், குழி மூட்டு வரை போயிருந்தால் குருத்தெலும்புக்கும் சிமெண்டுக்கும் இடையே சில மில்லிமீட்டர் எலும்புதான் மிஞ்சும். அந்தத் தூரத்தைச் சூடு கடந்துவிடும். இதனால்தான் சில அறுவை மருத்துவர்கள் இடையில் எலும்புத் துகள்களை அடுக்குகிறார்கள். அந்த அடுக்கு எத்தனை மில்லிமீட்டர் இருக்கவேண்டும் என்பதற்குக் கணினி மாதிரியைவிட நல்ல வழிகாட்டி இல்லை.

தமிழகத்தில் இந்தத் துறைக்கு ஆழமான வேர் உண்டு. சென்னையில் மயில்வாகனன் நடராஜன், கட்டி அரித்த எலும்புப் பகுதியை எடுத்துவிட்டு, உள்ளூரிலேயே செய்யப்பட்ட பெரிய செயற்கை உறுப்பைப் பொருத்திக் காலைக் காப்பாற்றும் முறையை வளர்த்தார். அந்த உறுப்பின் தண்டை எலும்புக்குள் நிறுத்துவதும் இதே சிமெண்ட்தான். அரியலூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது. ஆனால் முட்டி வீக்கத்துக்குக் கட்டு வைத்தியரிடம் மாதக்கணக்கில் பற்றுப் போட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருபவரின் குழி பெரிதாகியிருக்கும். சிமெண்டும் அதிகம், சூடும் அதிகம். இன்னொன்றும் உண்டு. சிமெண்டைச் சோதிக்கும் சர்வதேசத் தரநிலை அறை வெப்பத்தை 23 டிகிரி என்று வைக்கிறது. பொட்டலம் வெப்பமான அறையில் இருந்திருந்தால் மாவு விரைவாக இறுகும், மருத்துவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கும். சித்திரை வெயிலில் நம் மாவட்டங்களின் மருந்துக் கிடங்கு 23 டிகிரியில் இராது.

ஆதலால் இங்கு செய்யப்படும் மாதிரி, நம் அறுவை அரங்கின் வெப்பநிலை, பொட்டலம் வைக்கப்பட்ட இடத்தின் வெப்பநிலை, நம் நோயாளியின் சி.டி. படத்தில் தெரியும் குழியின் வடிவம் ஆகிய மூன்றையும் உள்ளீடாகக் கொண்டு தொடங்க வேண்டும். அறுவையின்போது குழிச் சுவரில் மெல்லிய வெப்பமானிக் கம்பி ஒன்றை வைத்து அளந்தால், கணக்கு சரியா என்று அன்றே தெரிந்துவிடும்.