கிளைடர் திரும்பக் கற்றுக்கொண்ட கதை

சேலத்திலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் வருபவர்களுக்குத் தொப்பூர் கணவாய் தெரியும். வளைவு வந்தால் பக்கத்து சீட்காரர் நம் தோளில் வந்து விழுவார். பஸ்ஸுக்காவது பிடித்துக்கொள்ள ரோடும் டயரும் இருக்கின்றன. ஆகாயத்தில் எதைப் பிடித்துக்கொண்டு திரும்புவது?

ரைட் சகோதரர்களுக்கே இதற்கு விடை கிடைக்க மூன்று வருஷம் ஆனது. இருவரும் சைக்கிள் வியாபாரிகள். சாய்ந்தால்தான் திரும்ப முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே கிளைடரின் இறக்கைகளை முறுக்கிச் சாய்த்தார்கள். 1901-இல் சிக்கல் தெரிந்தது. இடது பக்கம் சாய்த்தால் மூக்கு வலது பக்கம் போனது! மேலே எழும் இறக்கைக்குத் தூக்குவிசை கூடும்போது காற்றின் இழுவையும் கூடுகிறது. அந்த இறக்கை பின்தங்கிவிடுகிறது. (காமர்ஸ் மாணவர்களுக்குப் புரியும்படி சொன்னால், பற்று இல்லாமல் வரவு இல்லை.)

1902-இல் வாலில் அசையாத இரண்டு செங்குத்துத் தகடுகள் வைத்தார்கள். முன்னைவிடப் பரவாயில்லை. ஆனால் சில சமயம் கிளைடர் சாய்ந்த பக்கமே சறுக்கி, இறக்கை நுனி மணலில் குத்தியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘கிணறு தோண்டுவது’. அக்டோபர் 2 இரவு ஆர்வில் காபியை அதிகமாகக் குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தார். வால் தகட்டை அசையும்படி செய்தால் என்ன என்று தோன்றியது. மறுநாள் காலைச் சாப்பாட்டின்போது சொன்னார். வில்பர் ஒரு படி மேலே போய், அதை இறக்கையை முறுக்கும் கம்பியோடே இணைத்துவிடலாம் என்றார். கிளைடர் ஒழுங்காகத் திரும்பியது. மோட்டார் வந்தது அதற்கு அடுத்த வருஷம்தான்.

1905-இல் அந்த இணைப்பைப் பிரித்து, வால் சுக்கானுக்குத் தனிக் கைப்பிடி வைத்தார்கள். அதுவரை கம்பி செய்த வேலையை இனி விமானி செய்ய வேண்டும். உண்மையான பயிற்சி இங்கேதான் தொடங்குகிறது.

இன்றைய கிளைடரில் சாய்ப்பது கை, சுக்கானை மிதிப்பது கால். புதிதாகப் படிப்பவருக்குக் கை போகும், கால் தூங்கும். இறக்கை நீளம் என்பதால் மூக்கு எதிர்ப்பக்கம் விலகுவதும் அதிகம். எஞ்சின் இல்லை, சறுக்கினால் உயரம் வீண். தரையிறங்கும் கடைசித் திருப்பத்தில் வேகம் குறைந்திருக்கும்போது சுக்கானை அளவுக்கு மீறி மிதித்தால், உள்பக்க இறக்கை தூக்குவிசை இழந்து கிளைடர் சுழன்று விழும். அந்த உயரத்தில் மீட்க இடமிருக்காது.

இந்தியாவில் புனே கிளைடிங் மையம் 1950-இல் தொடங்கியது. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்த ரோகிணி பயிற்சி கிளைடர் 1961-இல் பறந்தது. அதில் ஆசிரியரும் மாணவரும் பக்கம் பக்கமாக உட்காருவார்கள். மாணவரின் கால் தூங்குகிறதா என்று தலையைத் திருப்பினாலே தெரிந்துவிடும்!

கருவி? ஒரு துண்டுக் கம்பளி நூல். விமானியின் கண்ணெதிரே, கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருக்கும். நேராகப் பறந்தால் திருப்பம் சரி. நூலின் வால் இடது பக்கம் ஒதுங்கினால் வலது காலை மிதிக்க வேண்டும். ரைட் சகோதரர்களும் 1902 கிளைடரில் ஒரு நூல் கட்டியிருந்தார்கள். கம்ப்யூட்டரும் ஜிபிஎஸ்ஸும் உள்ள இன்றைய போட்டி கிளைடர்களிலும் அந்த நூலை யாரும் கழற்றவில்லை.