தோற்றுத் தோற்றுப் பிறந்த தாள்

1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் ‘சற்றர்டே றிவியூ’ என்ற ஆங்கில வார இதழை அரசு இழுத்து மூடியது. அவசரகால விதி கையில் இருந்ததால் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. தடைசெய்யப்பட்ட பத்திரிகைக்காக வழக்குப் போடுவதில் புதினமில்லை. ஆனால் விசுவலிங்கம் எதிர் லியனகே என்ற இந்த வழக்கில் யாரும் எதிர்பாராத ஒரு வாதம் எழுந்தது. எழுதுகிறவருக்குச் சொல்ல உரிமை உண்டென்றால், வாசிக்கிறவருக்குத் தெரிந்துகொள்ள உரிமை இல்லையா? அந்த வாதத்தை உயர் நீதிமன்றம் 1984இல் ஏற்றது. வாசகரும் நீதிமன்றப் படியேறலாம் என்றது. தடையை மட்டும் நீக்கவில்லை. வழக்குத் தோற்றது, ஆனால் தீர்ப்புக்குள் அந்த வாதம் பிழைத்துக்கொண்டது.

பத்து வருடங்களுக்கு மேல் ஓடிப்போயின. பிறகு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் முறைசாராக் கல்வி நிகழ்ச்சியொன்றை நடுவில் நிறுத்தியது. கோபங்கொண்ட நேயர் ஒருவர் நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வானொலி நிகழ்ச்சி நின்றதற்காக அடிப்படை உரிமை வழக்கா என்று சிரித்தவர்கள் 1996இல் வாயடைத்துப் போனார்கள். நேயர் வென்றார். ஆனால் அவர் அந்த நிகழ்ச்சியில் பங்கெடுத்தவர் என்பதால்தான் அந்த வெற்றி. தகவல் பெறுவதைத் தனி உரிமையாக அரசியலமைப்பு சொல்லவில்லை என்று அதே தீர்ப்பு கையை விரித்தது. அப்படியென்றால் புதுச் சட்டம்தான் வழி.

உலகில் அது புதுச் சங்கதியல்ல. சுவீடன் 1766இலேயே அரசாங்கக் கோப்புகளைக் குடிமக்களுக்குத் திறந்துவிட்டது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடும் 1997இல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது, விதிவிலக்குகள் தாராளமாக இருந்தாலும். இலங்கையில் 2003 கடைசியில் அமைச்சரவை அப்படியொரு சட்ட வரைவுக்குச் சம்மதம் கொடுத்தது. பாராளுமன்றத்துக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. 2004 பெப்ரவரியில் பாராளுமன்றமே கலைக்கப்பட்டது.

அடுத்த திருப்பம் கொழும்புக் காலிமுகத் திடலில் நடந்தது. ‘கொழும்பு நகரின் பெண்கள், பிள்ளைகள் நலனுக்காக’ என்று ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில் 1859இல் கல்லில் பொறித்து ஒப்படைக்கப்பட்ட கடலோரம் அது. அதன் நிர்வாகத்தை நகர அபிவிருத்தி அதிகார சபை ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுக்கிறது என்று பத்திரிகையில் செய்தி வந்தது. ஒப்பந்தத்தைக் காட்டச் சொல்லி ஒரு சுற்றாடல் அமைப்பு கேட்டது. கிடைக்கவில்லை. பொதுமக்களின் புல்வெளி பற்றிய தாளைப் பொதுமக்களுக்கே மறைத்த அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு விதத்தில் நன்றி சொல்ல வேண்டும். தாளைக் கொடுத்திருந்தால் வழக்கே வந்திருக்காது. 2005இல் உயர் நீதிமன்றம், பேச்சுச் சுதந்திரம் பொருளுள்ளதாக இருக்க வேண்டுமானால் பொதுநலன் சார்ந்த தகவலைப் பெறும் உரிமையும் அதற்குள் இருக்க வேண்டும் என்றது. திடல் தப்பியது. ஆனால் ஒவ்வொரு தாளுக்கும் கொழும்புக்கு பஸ் ஏறி வழக்காட யாரால் முடியும்?

கரு ஜயசூரிய எதிர்க்கட்சியிலிருந்து தகவல் உரிமைக்கான ஒரு தனிநபர் சட்டமூலத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2011இல் ஆளுங்கட்சி தன் பெரும்பான்மையால் அதைத் தோற்கடித்தது. கதை அத்தோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

2015 ஜனவரியில் ஆட்சி புரண்டது. அந்த வருடமே 19ஆவது திருத்தம் தகவல் உரிமையை அரசியலமைப்பில் 14அ என்ற உறுப்புரையாகச் சேர்த்தது. புதிய தகவல் உரிமைச் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் சில திருத்தங்களைச் சந்தித்து, 2016 ஜூன் 24ஆம் திகதி பாராளுமன்றத்தில் நிறைவேறியது. ஆகஸ்ட் 4ஆம் திகதி சபாநாயகர் சான்றுரைத்தார். அப்போது சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர், 2011இல் தோற்றுப்போன அதே கரு ஜயசூரிய. சினிமாவில் வைத்தால் நம்பமாட்டார்கள்.

2017 பெப்ரவரி 3ஆம் திகதி சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள் என்று தலையில் அடித்துக்கொள்ளலாம். தேர்தல் தள்ளிப்போய், நாட்டின் பெரும்பாலான உள்ளூராட்சி சபைகளில் தெரிவான உறுப்பினர்களே அப்போது இருக்கவில்லை. 2018இல் தேர்தல் வந்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகு புதிய சபைகள் கூடும்வரை மீண்டும் செயலாளர்களின் ஆட்சி. தேநீர்க் கடையில் மறித்து, “எங்கட வட்டாரத்து வடிகான் வேலை என்னாச்சு?” என்று கேட்க உறுப்பினர் என்று ஒருவரும் இல்லாத காலம் அது.

அந்தக் காலத்திலும் கேட்பதற்கு ஒரு வழி மிஞ்சியிருந்தது. உதாரணத்துக்கு, நடுவீதியில் பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும் காத்தான்குடியில், நகர சபையிடமும் பிரதேச செயலகத்திடமும் குடிமக்கள் எவரும் எழுதிக் கேட்க உதவும் தாள் அது: தகவல் உரிமை விண்ணப்பப் படிவம் ‘ஆர்.டி.ஐ. 01’. கொங்கிரீட் வீதிக்கான கொந்தராத்து யாருக்குக் கொடுக்கப்பட்டது, எவ்வளவு காசு, உதவித்தொகைப் பட்டியலில் பெயர்கள் எப்படிச் சேர்ந்தன என்றெல்லாம் கேட்கலாம். படிவமே இல்லாவிட்டால் வெள்ளைத் தாளும் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலத்தில் பதில். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலர், அவரும் மறுத்தால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ஆணைக்குழுவின் விதிப்படி முதல் 4 பக்கப் பிரதி இலவசம், அதற்கு மேல் ‘ஏ4’ தாளின் ஒரு பக்கத்துக்கு 2 ரூபாய்.