மலையில் பிறந்த மின்சாரமும் லயத்து இருளும்

இலங்கையின் மின்சார வரலாறு பெரும்பாலும் அணைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்த அணை எழுந்தது, எத்தனை மெகாவாட் கிடைத்தது என்பதை நாம் எளிதில் அறியலாம். அம்மின்சாரம் எவர் வீட்டை அடைந்தது, எவர் வீட்டைக் கடந்து சென்றது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912-இல் நுவரெலியாவுக்கு அருகே பிளக்பூலில் சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்து அந்நகருக்கு ஒளியூட்டினார். 1918-இல் லக்ஷபானவின் நீர்வளத்தைக் கொண்டு நாட்டுக்கே மின்சாரம் வழங்கலாமென எடுத்துரைத்தார். 1924-இல் தொடங்கிய வேலை இடையில் நின்று, 1950-இலேயே நிறைவெய்தியது. 25 மெகாவாட் ஆற்றல் மலையிலிருந்து கொழும்புக்கு இறங்கியது. இதற்கு முன்பே பல தோட்டங்களில் ஓடைநீர் சுழலிகளை இயக்கியது. கொழுந்தை உருட்டும் இயந்திரங்கள் ஓடின. துரைமார் பங்களாக்கள் ஒளிர்ந்தன. கொழுந்து பறித்தவர் வாழ்ந்த லயங்களிலோ மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கே எரிந்தது.

இது தற்செயலன்று. லக்ஷபான நிலையம் இயங்கத் தொடங்குமுன்பே, 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949-ஆம் ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் மலையகத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராகவும் வாக்கற்றோராகவும் ஆக்கிவிட்டன. வாக்குள்ள கிராமத்துக்கு மின்கம்பம் கேட்க ஒரு பிரதிநிதி இருந்தார்; லயத்துக்கு எவர் இருந்தார்? 1965-இல் விமலசுரேந்திர மின் நிலையம் 50 மெகாவாட் ஆற்றலுடன் இயங்கத் தொடங்கியது. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய மஸ்கெலியா நகரே நீரில் மூழ்கியது. ஆயினும் 1980-களிலும் பெரும்பாலான லயங்கள் இருளிலேயே கிடந்தன.

காலந்தாழ்த்தி வந்த மின்சாரமும் குறையுடனேயே வந்தது. லயம் தோட்டத்தின் சொத்து. அதில் வாழ்பவருக்கு உரிமைப் பத்திரமில்லை. எனவே மின்னிணைப்புக்கும் நிர்வாகத்தின் இசைவை நாட வேண்டியிருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அமைந்த பழைய அறைகளில், தேய்ந்த கம்பிகளின் மின்னொழுக்கால் தீப்பற்றி, ஓரிரவில் முழு லயமும் சாம்பலான செய்திகளை நாம் மீண்டும் மீண்டும் படிக்கிறோம். நீண்ட மெல்லிய கம்பியின் கடைக்கோடியில் மாலை வேளையில் மின்னழுத்தம் விழுகிறது, விளக்கு மங்குகிறது. மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் வெப்பமாகி வீணாகும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது விஞ்ஞான விதி.

இத்தகைய பழைய மின்வழிகளில் எதை முதலில் புதுப்பிப்பது என்பதைக் கணிக்க இன்று கணினி துணைசெய்கிறது. கம்பியின் நீளம், தடிப்பு, மின்மாற்றியின் சுமை ஆகியவற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு கிளையிலும் ஏற்படும் இழப்பை அது சொல்லிவிடும். தடித்த கம்பி இடுவதா, புதிய மின்மாற்றி நிறுவுவதா எனச் செலவையும் பயனையும் ஒப்பிட்டுக் காட்டும். மனிதர் பல வாரம் உழைத்துச் செய்த கணக்கை நொடிப்பொழுதில் முடிக்கும் இக்கருவியை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் பயன் என்பதை எதனால் அளப்பது? மிச்சமாகும் மின்சாரத்தின் விலையால் மட்டும் அளந்தால், மிகுதியாக மின்சாரம் கொள்ளும் தொழிற்சாலையும் விடுதியும் முன்னிற்கும். இரு விளக்குகள் எரிக்கும் தொழிலாளியின் குடும்பம் பட்டியலின் அடியில் கிடக்கும். பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் லயத்தை ஒரே பாவனையாளராகப் பதிந்தால், பதினொரு குடும்பங்கள் கணக்கிலேயே இரா. கணினி எவரையும் வஞ்சிப்பதில்லை. அளவுகோலை அதன் கையில் கொடுப்பவர் மனிதரே. வீடுகளின் எண்ணிக்கைக்கும், தீவிபத்தின் அபாயத்துக்கும், மாலையில் படிக்கும் பிள்ளையின் தேவைக்கும் அக்கணக்கில் இடமளித்தால் பட்டியலின் வரிசை மாறும்.

மலையக மக்களில் நாடற்றோராய் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003-இல் நிறைவேறியது. ஏட்டில் கிடைத்த அவ்வுரிமை மின்வழித் திட்டங்களிலும் இடம்பெற வேண்டும். இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பணியுண்டு. ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை அறைகள், எத்தனை குடும்பங்கள், எத்தனை இணைப்புகள், எங்கே கம்பி தேய்ந்துள்ளது, எந்நேரத்தில் விளக்கு மங்குகிறது என்பவற்றை எழுதி வரைபடமாக்கலாம். அதனைத் திட்டமிடுவோர் முன் வைத்து, இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்று கேட்போம்.