அரிவாளாக வளைந்த ரத்தம்

1904ஆம் ஆண்டு. கிரெனடா தீவிலிருந்து சிகாகோவுக்குப் பல் மருத்துவம் படிக்க வந்த வால்டர் கிளெமென்ட் நோயல், மூச்சுத் தொல்லையோடு மருத்துவமனையில் சேர்ந்தார். அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் சில அரிவாள் போல வளைந்திருந்தன. டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். காரணம் மட்டும் யாருக்கும் புரியவில்லை. அரிவாள் அணு சோகை என்று நாம் சொல்லும் நோய் இதுதான்.

1949இல் லைனஸ் பாலிங் குழுவினர், கோளாறு ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். 1957இல் கேம்பிரிட்ஜில் வெர்னான் இன்கிராம் அந்தக் கோளாறு என்னவென்றே கண்டுபிடித்துவிட்டார். குளுடாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓர் இடத்தில் வேலின் இருந்தது. பீட்டா சங்கிலியின் 146 அமினோ அமிலங்களில் மாறியது அந்த ஒன்றுதான்! அதனாலேயே, ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அணு வளைகிறது, சிறு ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன, தாங்க முடியாத வலி வருகிறது.

மரபணுவில் திருத்தம் செய்யும் சிகிச்சைக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தது 2023இல்தான். இடையில் 66 ஆண்டுகள். அமெரிக்காவில் அதற்கு அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். நோயாளிகளில் பெரும்பாலோர் இருப்பதோ ஆப்பிரிக்காவில். பிழையைக் கண்டுபிடித்தாயிற்று, அதைத் திருத்தும் வழியும் வந்தாயிற்று. அது ஏழையின் கைக்கு எட்டுவதுதான் பாக்கி.