அமெரிக்காவில் வீடற்ற முன்னாள் படைவீரர்கள்

அமெரிக்க ஆயுதப்படைகளில் பணியாற்றி விலகியபின், நிலையான வீடின்றித் தெருவிலோ காரிலோ இரவுத் தங்குமிடங்களிலோ காலம் கழிப்பவர்கள் 2024 ஜனவரியில் ஒரே இரவில் நடந்த கணக்கெடுப்பின்படி 32,882 பேர். 2010இல் இந்த எண்ணிக்கை 74,000ஐத் தாண்டியிருந்தது.

வரலாறு

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1932இல், பெருமந்தத்தால் பிழைப்பிழந்த முதல் உலகப் போர் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வாஷிங்டனுக்கு வந்து, 1945இல் தருவதாகச் சொன்ன போனஸ் தொகையை உடனே கேட்டார்கள். அனகோஸ்டியா ஆற்றோரம் குடிசை போட்டுத் தங்கியவர்களை ஜூலை 28 அன்று டக்ளஸ் மெக்கார்தர் தலைமையில் ராணுவமே கண்ணீர்ப்புகை வீசி விரட்டியது, குடிசைகள் எரிந்தன.

வியட்நாம் போர் இந்தச் சிக்கலின் மனநலப் பக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. திடுக்கிட்டு விழிக்கும் தூக்கம், சிறு சத்தத்துக்கும் பதறுதல், மனிதர்களிடமிருந்து ஒதுங்குதல் ஆகியவற்றை ‘பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு’ என்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980இல் தன் நோய்க் கையேட்டில் சேர்த்தது. அந்தப் போர்க்களத்துக்குப் போன ஆண்களில் சுமார் 15 சதவீதத்தினரிடம் அது இருப்பதை 1980களின் தேசிய ஆய்வு காட்டியது.

காரணங்கள்

நோய் மட்டுமே யாரையும் தெருவுக்குத் தள்ளுவதில்லை. குடியோ போதைப்பொருளோ சேர்ந்து, வேலை போய், மணவாழ்க்கை முறிந்து, வாடகை கட்ட முடியாமல் போகும்போதுதான் வீடு கைவிட்டுப் போகிறது. தெருவாழ்க்கை நோயை மேலும் முற்ற வைக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையால் படையிலிருந்து நீக்கப்பட்ட பலருக்கு அரசு சலுகைகள் கிடைப்பதில்லை. அந்த ஒழுங்குமீறலே சிலருக்கு நோயின் விளைவாக இருந்திருக்கலாம். முன்னாள் வீரர்களில் கறுப்பினத்தவர் எட்டில் ஒருவர் அளவே. வீடற்ற வீரர்களிலோ ஏறத்தாழ மூன்றில் ஒருவர்.

தீர்வு முயற்சிகள்

1988இல் சான் டியேகோவில் வியட்நாம் வீரர்கள் சிலர் கூடாரமடித்து, வீடற்ற சகாக்களுக்கு உணவு, மருத்துவம், சட்ட உதவி அனைத்தையும் ஒரே இடத்தில் வழங்கினார்கள். களத்திலிருந்து பின்வாங்கி ஓய்வெடுப்பதைக் குறிக்கும் ‘ஸ்டாண்ட் டவுன்’ என்ற படைவழக்கே அதன் பெயரானது. இன்று பல நகரங்களில் அது நடக்கிறது.

குடியை விட்டால்தான் வீடு என்பது பழைய நடைமுறை. முதலில் வீடு, பிறகு சிகிச்சை என்ற அணுகுமுறை அதைத் தலைகீழாக்கியது. வாடகை உதவிச் சீட்டைக் கூட்டாட்சி வீட்டுவசதித் துறை தர, நலப் பணியாளரை முன்னாள் படைவீரர் துறை அனுப்பும் திட்டம் 2008க்குப் பின் விரிவடைந்தது. பயனாளி பொதுவாகத் தன் வருமானத்தில் 30 சதவீத அளவை வாடகையாகக் கட்டுவார். எண்ணிக்கை பாதிக்குமேல் குறைந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு. 2015இல் நியூ ஆர்லியன்ஸும் ஹூஸ்டனும் தங்கள் நகரில் முன்னாள் வீரர்களின் வீடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்ததாக அறிவித்தன.

லாஸ் ஏஞ்சலஸ் வழக்கு

ஊனமுற்ற வீரர்களின் இல்லத்துக்காக 1888இல் கொடையாகக் கிடைத்த மேற்கு லாஸ் ஏஞ்சலஸ் நிலத்தின் ஒரு பகுதி, பின்னாளில் பல்கலைக்கழக பேஸ்பால் மைதானத்துக்கும் தனியார் பள்ளிக்கும் குத்தகைக்குப் போனது. வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். அங்கே 1,800 நிரந்தர வீடுகளும் 750 தற்காலிகக் குடியிருப்புகளும் கட்டும்படி நீதிபதி டேவிட் கார்டர் 2024 செப்டம்பரில் உத்தரவிட்டார். அரசு மேல்முறையீடு செய்தது.